சோறு இறங்கவில்லை என்றாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "சிஸ்டர், வயிற்று டாக்டரிடம் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தீர்களே, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்று மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். மைக்கைப் பார்த்தாலே எனக்கு வாய் அடைத்துப் போகும். நன்றி, வணக்கம் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, உங்கள் வடையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசை கட்டி நின்றது. அதனால் எழுதுகிறேன்.

குழாயை எப்படிக் கழுவுவது, எந்த ஊசி எவ்வளவு என்பதெல்லாம் இதில் வராது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்தத் தப்பு முடிந்த விதத்தை என் வாழ்நாளின் பெரிய வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. ரிட்டயர் ஆனவளுக்குப் பெருமையடிக்க உரிமை உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் வயிற்றுக்கென்று தனியாக டாக்டர் வைத்திருப்பது பெரிய விஷயம். எங்கள் டாக்டரின் கிளினிக் விஜயநகரில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். ஹாலில் நோயாளிகள் உட்காருவார்கள், படுக்கையறை டாக்டருடையது, சமையலறைதான் எண்டோஸ்கோபி ரூம். ஊரில் அவருக்கு 'டியூப் டாக்டர்' என்று பெயர். மண்டியாக்காரர், கெட்டிக்காரர், கோபக்காரர். என்னை வேலைக்கு எடுக்கும்போது என் சர்ட்டிபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தமிழ் பருத்தா?" என்றார். வரும் என்றேன். நாளை வா என்றுவிட்டார்.

தமிழ் ஏன் என்பது இரண்டே நாளில் புரிந்தது. கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள், தமிழ்நாட்டு எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி பஸ் மாறி மாறி வருகிறவர்கள், ஹெப்பாள் ஃபேக்டரி ஆட்கள், எங்கள் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரிகள், சித்தாள்கள் என்று பாதிக் கூட்டம் தமிழ்தான் பேசும். டாக்டருக்குத் தெரிந்த தமிழ் 'எங்கே', 'வலி', 'நாக்கு நீட்டு' இவ்வளவுதான். மீதித் தமிழ் நான்.

வயிற்றைப் பற்றிப் பேசும்போது மனிதர்கள் எந்த மொழியிலும் நேராகப் பேச மாட்டார்கள். ஒரு பென்ஷன்காரரிடம், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், காலையில் ஊட்டா மாடாமல் வாருங்கள் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினேன். மறுநாள் படுக்கவைத்துத் தொண்டையை மரக்கச் செய்கிற நேரத்தில் ஏப்பம் விட்டார். சாம்பார் வாசனை. "சாப்பிட்டீர்களா?" என்றால், "ஊட்டா மாடில்லா சிஸ்டர், திண்டி அஷ்டே" என்கிறார். அதாவது சாப்பாடு சாப்பிடவில்லையாம், வெறும் டிபன்தானாம். நான்கு இட்லி! அன்று டாக்டர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து சாப்பாடு, டிபன், காபி, மோர், இளநீர், வெற்றிலை பாக்கு என்று ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொல்லித்தான் அனுப்புவேன்.

அதனால் வார்த்தை விஷயத்தில் நான் ரொம்ப சூட்டிகை என்று ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது. நோயாளி பத்து நிமிஷம் மாமியார் கதை, மாட்டுக் கதை எல்லாம் சேர்த்துச் சொல்வதை நான் ஒரே வரியில் வடிகட்டி டாக்டரிடம் கொடுப்பேன். "சிஸ்டர், ஒந்தே லைன் ஹேளி" என்பார் அவர். ஒரே வரி. ஹாலில் நாற்பது பேர் காத்திருக்கும்போது அது பெரிய உதவி. அவர் என்னை மெச்சிக்கொண்ட ஒரே விஷயமும் அதுதான். தலையில் கனம் ஏறாமல் இருக்குமா?

அந்தக் கனத்தோடு இருந்தபோதுதான் பாப்பாத்தி வந்தாள்.

ஹனூர்ப் பக்கத்துப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். புருஷன் மாதேவன் கொத்தனார், இவள் அவனோடு சித்தாள் வேலை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. கூடவே மாதேவனின் அக்காவும் வந்திருந்தாள். அந்த அம்மாள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றாள்.

"என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன்.

"சோறு எறங்க மாட்டீங்குதுங்க்கா" என்றாள் பாப்பாத்தி.

"எத்தனை நாளா?"

"ஆச்சுங்க்கா, நாலஞ்சு மாசம்."

அதற்குள் மாதேவனின் அக்கா குறுக்கே வந்தாள். "இவிய அம்மா செத்துப்போச்சுங்க. அதிலிருந்து இப்பிடித்தானுங்க. தட்டத்த வெச்சுட்டு மொறைச்சுப் பாத்துட்டே உக்காந்திருப்பா. சமயத்துல வாந்தியும் எடுப்பா."

நமக்குத் தெரியாதா? எழவு விழுந்த வீட்டில் சோறு இறங்காது. கவலை வந்தால் இறங்காது. மகள் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டால் அப்பனுக்கு ஆறு மாதம் இறங்காது. தமிழில் பிறந்து வளர்ந்த யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டு, டாக்டரிடம் ஒரே வரியில் சொன்னேன். "ஹசிவில்லா சார். தாயி தீர்ஹோகித்தாரே." பசியில்லை, தாயார் தவறிவிட்டார்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வாந்தி உண்டா என்றார், எப்போதாவது என்றேன். பசி எடுக்க ஒரு டானிக், வயிற்றுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். எடை பார்க்கும் மெஷினில் அவளை ஏற்றியபோது முள் முப்பத்தைந்தைத் தொட்டு நின்றது. முதல் தடவை நாற்பத்தொன்று. ரவிக்கை தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. டாக்டர் ரத்தம் பார்த்தார், எக்ஸ்ரே பார்த்தார், டிபி இல்லை, சர்க்கரை இல்லை. பசியில்லை, துக்கம், வாந்தி, உடம்பில் வேறொன்றும் இல்லை. இவற்றைக் கூட்டினால் என்ன விடை வரும்? "மனசினல்லி ஏனோ இதே", மனசில்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லி, ஒரு மனநல டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்த கணக்குக்கு அவர் போட்ட விடை சரிதான்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் ஹாலில் வைத்து அவர்களுக்குச் சொன்னேன். மாதேவனின் அக்கா கையைத் தட்டினாள்.

"நா அப்பவே சொன்னனல்ல? ஒடம்புல ஒண்ணுமில்ல இவளுக்கு. எல்லாம் அழுத்தம். பேசாம அவிய அப்பன் ஊட்டுல கொண்டுபோயி உட்டுரு மாதேவா. புள்ள நம்மகிட்ட இருக்கட்டும். தேறி வந்தா அப்பறம் பாத்துக்கலாம்."

மாதேவன் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பாப்பாத்தி என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். உட்கார்ந்து குடிக்காமல் அவள் எழுந்து நின்றாள். ஒரு வாய் குடித்தாள். கழுத்தை மேலே நீட்டினாள். உள்ளங்கையால் நெஞ்சுக்குழியில் இரண்டு தட்டுத் தட்டினாள். இன்னொரு வாய். மறுபடி கழுத்து, மறுபடி தட்டு. பிறகு விடுவிடுவென்று வெளியே போய், கேட் ஓரம் இருந்த செம்பருத்திச் செடிப் பக்கம் குனிந்தாள். குமட்டல் இல்லை, ஓங்கரிப்பு இல்லை, ஒரு சத்தம் இல்லை. சாய்த்த சொம்பிலிருந்து கொட்டுவதைப் போலத் தண்ணீர் வெளியே வந்தது.

நான் பின்னாலேயே போனேன். "இதான் நீ சொல்ற வாந்தியா?"

"இதானுங்க்கா."

"புளிக்குமா? கசக்குமா?"

"இல்லீங்க்கா. தண்ணி தண்ணியாட்டந்தான் வருது. சோறுன்னா சோறாட்டம். ராத்திரி தின்னது விடியால பாத்தா தலகாணி மேல பருக்க பருக்கையாக் கெடக்குது."

"பாப்பாத்தி, உனக்குப் பசிக்குதா?" என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதை யாருமே அவளிடம் கேட்கவில்லை. நானே பதில் சொல்லியிருந்தேனே!

அவள் சிரித்துவிட்டாள். "பசிக்குதாவா? பசியில உசுரு போவுதுங்க்கா. புள்ள திங்கறப்ப அது தட்டத்தயே பாத்துட்டு உக்காந்திருப்பேன். எனக்கும் பெசஞ்சு ஒரு வாய் வெச்சா, இங்க வந்து நின்னுக்கிது" என்று நெஞ்சுக்குழியில் விரலை வைத்தாள். "கீழ எறங்க மாட்டீங்குது. நா மொத நாளே சொன்னனேங்க்கா."

சொன்னாள்தான். வார்த்தைக்கு வார்த்தை சரியாகச் சொன்னாள். இறங்கவில்லை என்றால் இறங்கவில்லை. பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருந்த ஒருத்தியை, பசியில்லை என்று மொழிபெயர்த்து அனுப்பியவள் நான். வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. இதை எழுதும்போதுகூடச் சூடாகிறது.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. தப்பை மறைத்து, 'சார், அந்தப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு தொந்தரவு' என்று பூசி மெழுகலாம். என் பெயர் கெடாது. ஆனால் புதிதாக வந்தது என்றால் ஒரு நோய், ஆறேழு மாதமாக இருப்பது என்றால் வேறு நோய். டாக்டர் மறுபடியும் தப்பான கணக்கைத்தான் போடுவார். மாதேவனின் பையிலிருந்து கடிதத்தை நானே உருவிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் முன்னால் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் தன் காலைக்கடன் விவரத்தைக் கிழமை வாரியாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே உட்காரச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் என்பதையும், நான் தப்பான அர்த்தத்தை எடுத்தேன் என்பதையும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஹசிவில்லா என்று சொன்னது அவளா, நீயா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"நான்தான் சார்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. கடிதத்தை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு எழுந்தார். "அவளைப் படுக்க வை, இப்போதே டியூப் போட்டுப் பார்த்துவிடலாம். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை அல்லவா? ஹொட்டெ காலிதானே?"

வயிறு காலிதான். அதில் சந்தேகமே இல்லை. கதவு வரை போய்விட்டேன். அப்புறம்தான் அந்தத் தலையணைப் பருக்கை நினைவுக்கு வந்தது. திரும்பி, "சார், பேடா" என்றேன். வேண்டாம். நான்கு வருஷத்தில் அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"ஏனு?" என்றார். அந்த ஒரு சொல்லில் எதிர்வீட்டு நாய்க்குக் கேட்கிற அளவு கோபம் இருந்தது.

"வயிறு காலிதான் சார். ஆனா நேத்துச் சோறு நெஞ்சிலேயே நிக்குது. படுக்கவெச்சு ஊசி போட்டு மயக்கினா, அது மேல வந்து மூச்சுக்குழாய்ல போய்டும்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டு, "சரி. மொதலு பேரியம்" என்றார். அதாவது வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து முதலில் எக்ஸ்ரே. அவ்வளவுதான் சொன்னார். அந்த 'சரி' என்பதை நான் வாங்கிய எந்த மெடலுக்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன். மெடல் எதுவும் வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் படம் வந்தது. விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உணவுக்குழாய் மேலே அகலமாக ஊதிக்கொண்டு, கீழே வயிற்றில் சேரும் இடத்தில் முள்ளங்கி வாலாகக் குறுகியிருந்தது. அங்கே இருக்கும் தசை வளையம், உணவு வரும்போது தானாகத் திறந்து வழிவிட வேண்டும். பாப்பாத்திக்கு அது திறக்கவில்லை. அகலேசியா என்று இப்போது நீங்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான். நெஞ்சில் தேங்கியது வெளியே வரும், அதைப் பார்த்து எல்லோரும் வாந்தி என்பார்கள். மூன்று நாள் வெறும் நீராகாரத்தில் வைத்து, தேங்கியதைச் சுத்தம் செய்துவிட்டு, அப்புறம்தான் குழாய் விட்டோம். கட்டி எதுவும் இல்லை. அதை மாதேவன் என்னை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டான்.

அடுத்தது, அந்த இடத்தில் ஒரு பலூனை வைத்து ஊதி, வளையத்தை விரித்துவிட வேண்டும். பலூன் பெங்களூரிலிருந்து வர வேண்டும். நூற்றில் சிலருக்குக் குழாய் கிழியும், கிழிந்தால் உடனே ஆபரேஷன், உயிருக்கும் ஆபத்து. இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அன்று டாக்டர் 'ஒந்தே லைன்' கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன், அவர்கள் கேட்டதை ஒரு சொல் விடாமல் கன்னடத்தில் சொன்னேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஹாலில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கிளிஞ்சா என்னங்க பண்றது?" என்றான் மாதேவன்.

"வேண்டாம் மாதேவா" என்றாள் அவன் அக்கா. "நெஞ்சுக்குள்ள பலூன ஊதுவாங்களாமா? இதெல்லாம் நாம எங்க கேட்டது? இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அதையும் அப்படியே கன்னடத்தில் சொன்னேன், 'இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்' என்பது உட்பட. பிறகு எல்லோரும் பாப்பாத்தியைப் பார்த்தோம். அதுவரை அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"நங்கையா" என்று நாத்தனாரைக் கூப்பிட்டுத்தான் பேசினாள். "நீங்க ரெண்டு பேரும் நேரத்துக்குச் சோறு தின்னுட்டுப் பேசறீங்க. நா தின்னு ஆறு மாசமாச்சு. கிளிஞ்சாக் கிளியட்டும். பண்ணச் சொல்லுங்க்கா."

கன்னடத்தில் சொல்ல டாக்டர் பக்கம் திரும்பினேன். டாக்டருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில், ஒரு சர்ஜனைத் தயாராக நிற்கச் சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்குச் செய்தார். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பலூன் விரிந்தபோது அவள் என் மணிக்கட்டை இறுக்கியதில் வளையல் இரண்டு உடைந்தது. அன்று முழுக்க அவளுக்குக் காய்ச்சல் வருகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் நம்பும் மாதாவையும் அவர்கள் நம்பும் மாதேஸ்வரனையும் பேதம் பார்க்காமல் வேண்டிக்கொண்டேன். எதுவும் வரவில்லை. மறுநாள் எக்ஸ்ரேயில் கிழிசல் இல்லை என்று தெரிந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தோம். பழக்கத்தில் எழுந்து நிற்கப் போனாள். உட்கார்ந்தே குடி என்றேன். குடித்தாள். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனவள், தட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணைப் பெரிசாக்கி என்னைப் பார்த்தாள். தம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து வரச் சொன்னபோது, "சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல், என் முன்னால் சாப்பிட வேண்டும்" என்றார் டாக்டர். வந்தாள். எடை முப்பத்தொன்பதரை. தூக்குப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு வந்தது நாத்தனார்தான். "இப்பல்லாம் ரெண்டு களி பத்த மாட்டீங்குதுங்க இவளுக்கு" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி குறைப்பட்டுக்கொண்டாள். அந்தக் குறையில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

பாத்திரத்தைத் திறந்தால் கேழ்வரகுக் களி, முழு உருண்டை, மேலே அவரைக்காய்க் குழம்பு. டாக்டரின் முகம் மாறியது. மண்டியாக்காரருக்குத் தெரியாதா? களியை யாரும் மெல்வதில்லை, பிட்டு, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். இதைவிடக் கடினமான பரீட்சை எந்தப் புத்தகத்திலும் இல்லை. "நிதானா, நிதானா" என்றார் பதற்றத்தோடு. அவள் கேட்கவே இல்லை. பிட்டாள், புரட்டினாள், விழுங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் டாக்டரும் கூடவே எச்சில் விழுங்கினார். உருண்டை முடிந்து, விரலையும் வழித்து நக்கிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, அந்தக் கோபக்காரர் கதவைத் திறந்து, ஹாலில் இருந்த அத்தனை பேரிடமும் கன்னடத்தில் கத்தினார்: "முழு முத்தே! நோட்ரீ, ஒந்து முழு முத்தே!" ஒரு முழுக் களி தின்றுவிட்டாள் பாருங்கள் என்று. விஷயம் தெரியாமலே நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

நான் அழுதுவிட்டேன். நன்றாக, மூக்கு சிவக்க அழுதேன். பாப்பாத்தி கையைக் கழுவிக்கொண்டு வந்து, தூக்குப் பாத்திரத்தின் அடித்தட்டைத் திறந்தாள். அதில் இன்னொரு உருண்டை இருந்தது.

"இது உங்களுக்குங்க்கா. கொண்டாந்தேன். தின்னுங்க."

நான் இட்லிக் குடும்பத்தில் பிறந்தவள். மைசூருக்கு வந்து இத்தனை வருஷத்தில் களியைத் தொட்டதில்லை. மறுக்கவா முடியும்? ஒரு பெரிய துண்டாகப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். அது பல்லில் ஒட்டிக்கொண்டு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. கண் பிதுங்க மென்றுகொண்டிருந்தேன். பாப்பாத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், இடுப்பில் கை வைத்து, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அய்யோ, களியப் போயி மெல்லுவாங்களாக்கா? பயப்படாம முழுங்குங்க, அதுபாட்டுக்கு எறங்கிரும்!"